பஞ்சவர்ணத்துக்கு ஒரு கோபுரம்

ஒக்காருங்க தாயி, ஒக்காருங்க. வேன் இப்பத்தான் ஒரு நடை உள்ள போயிருக்கு, திரும்பி வர செத்த நேரம் ஆகும். அந்த வாசல் வளைவுக்கு அடியில நிக்காதீக, வெயிலு மண்டையப் பொளந்துரும். இப்பிடி வாகை மரத்துக்குக் கீழ வாங்க. பச்சப்புள்ளைய வேற இடுப்புல வச்சிருக்கீக. குட்டி, வெள்ளரிப்பிஞ்சு திங்கிறியா? இந்தா. அட, காசெல்லாம் வேணாம் தாயி, பையை மூடுங்க. சின்னப் புள்ளைக்குக் குடுத்துட்டு யாராச்சும் காசு வாங்குவாகளா?

சைட்டு பாக்கத்தான வந்தீக? வீட்டுக்காரரு வரலையா? ஓ, துபாயிலயா. அவரு அங்கிட்டு வெயில்ல காயுறாரு, நீங்க இங்கிட்டு எடம் பாத்து அலையுறீக. நல்லா இருங்க. வாங்குனா நல்லபடியா வாங்கி நல்லபடியாக் கட்டுங்க. நான் வாங்காதீகன்னு சொல்ல மாட்டேன். சொன்ன காலமும் உண்டு. இந்த வளைவு நிக்கிற எடத்துலதான் ரோட்டுக்குக் குறுக்க படுத்தேன். ஒரு போலீசுக்காரப் பொண்ணு, ஒங்க வயசுதான் இருக்கும், என்னையத் தரதரன்னு இழுத்து ஓரமாப் போட்டுச்சு. பேப்பர்லகூட வந்துச்சு. என் மூஞ்சி தெரியல, பாதம் மட்டும் தெரிஞ்சுச்சு. ஊருல எல்லாரும் ‘ஏ, மீனா பாதம்’னு காட்டிக் காட்டிச் சிரிச்சாக.

உள்ள கோயில் இருக்குன்னு சொல்லியிருப்பாகளே? நோட்டீசுல போட்டிருக்கும். ஸ்ரீ ஐஸ்வர்ய பாலாம்பிகை, ரொம்பச் சக்தி வாய்ந்த தெய்வம், கேட்டது கெடைக்கும்னு. அந்தா கோபுரம் தெரியுது பாருங்க, தண்ணித் தொட்டிக்கு அங்கிட்டு. தெரியுதா?

அது எம்மக.

என்ன தாயி அப்பிடிப் பாக்குறீக? நான் கிறுக்கச்சி இல்ல. அந்த கேட்டுல நிக்கிறானே வாட்ச்மேனு, அவனக் கேட்டா கிறுக்கின்னுதான் சொல்லுவான். எங்க ஊருப் பயதான் அவன், ஊருப் பெரியவரு அம்பலத்தோட தங்கச்சி மகன். எங்க வீட்டுல கஞ்சி குடிச்சு வளந்தவன். அவன் சொல்றதக் கேக்காதீக. நான் சொல்றேன், முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு.

முன்ன இந்தா ஒங்க கண்ணு போற வரைக்கும் மேய்ச்சக்காடு தாயி. வீடும் கெடையாது, வெள்ளாமையும் கெடையாது. உடைமரம், கொழுஞ்சி, கோரைப்புல்லு. எங்க ஊரு தும்பையேந்தல் ஆடு மாடு பூராம் இங்கதான் மேயும். யாரு எடம்னு கேட்டா, மதுரையில ஒரு பெரிய வீட்டு வகையறா எடம்னு சொல்லுவாக. அவுகள எவனும் கண்ணால பாத்ததில்ல. எங்க மாமனாரு சின்னப் புள்ளையா இருக்கையில ஒருத்தரு வந்து எளநி குடிச்சிட்டுப் போனாராம், அம்புட்டுத்தான். புல்லு மொளைக்கிது, ஆடு திங்கிது. காகிதத்த யாரு கேட்டா?

ஒருநாள் காலையில ஆடு பத்திக்கிட்டு வந்தா, காடு பூராம் மஞ்சப் பெயிண்டு அடிச்ச கல்லு ஊண்டிக் கெடக்கு. நடுவுல நடுவுல கலர் கலராக் கொடி. எங்க ஆடு ரெண்டு அந்தக் கொடியத் தின்னுட்டு வயிறு ஊதிப் படுத்துருச்சு. மதுரைக்காரக யாரோ கம்பெனிக்கு வித்துட்டாகன்னு அப்பெறம்தான் தெரியும். பிளாட்டுப் போட்டு வீடு வரப்போகுதாம்.

ஊரு கொதிச்சிருச்சு. சேவுகன் அம்பலம்னு எங்க ஊருப் பெரியவரு, நல்லது கெட்டது எல்லாம் அவரு வச்சதுதான் சட்டம். அவரு முன்ன நடக்க, நாங்க பின்னாடியே போனோம். மனுக் குடுத்தோம். ஆபீசரு கேக்காரு, ‘பட்டா இருக்கா?’ ‘இல்லய்யா, காலங்காலமா நாங்கதான் மேய்க்கிறோம்.’ ‘மேய்ச்சா ஒங்க எடம் ஆயிருமா? என் வீட்டு வாசல்லகூடத்தான் மாடு வந்து மேயுது’ங்குறாரு. கல்லப் புடுங்கிப் போட்டோம், மறுநாள் ஊண்டிட்டான். ரோட்டுல படுத்தோம், இழுத்துப் போட்டாக. ஆடு இல்லாட்டி எங்க ஊருல அடுப்பு ஏது தாயி? இந்த வெள்ளரிப்பிஞ்ச நம்பியா பொழைக்க முடியும்?

அப்பத்தான் ஒரு நா அம்பலம் எங்க வீட்டுக்கு வந்தாரு. வராத மனுசன் வந்திருக்காரேன்னு பாயை விரிச்சு மோரு குடுத்தேன். மோரக் குடிக்கல. நடுவீட்டு மூலையவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

அந்த மூலையில என்ன இருந்துச்சுன்னு சொல்லணுமே. எம்மக இருந்தா.

பஞ்சவர்ணம் அவ பேரு. பஞ்சு, பஞ்சுன்னுதான் கூப்புடுவோம். ஒத்தப் புள்ள. இந்தக் காட்டுலதான் ஆடு மேய்ப்பா. ஆட்ட விட்டுட்டு உடைமரத்துக்கு அடியில ஒக்காந்து தட்டாங்கல்லு ஆடுவா, ஆடு ஊரான் வீட்டு வேலியத் திங்கும், நான் வந்து சண்டைக்கு நிக்கணும். கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு. சட்டியவே வழிச்சு நக்கிருவா. இன்னிக்கோ நாளைக்கோன்னு பெரிய மனுசியாகுற வயசு. சடங்குக்குன்னு அவுக அய்யா பாவாடை தாவணிகூட எடுத்து வச்சிருந்தாரு, பச்சையில செவப்புக் கரை. மஞ்சக்காமாலை வந்துச்சு. மந்திரிச்சோம், மருந்து குடுத்தோம், பெரியாஸ்பத்திரிக்கும் தூக்கிட்டு ஓடுனோம். அந்தப் பாவாடையச் சுத்தித்தான் தூக்கிட்டுப் போனாக.

அழுகல தாயி, வெயிலு கண்ணக் கூசுது. நீங்க புள்ளையப் பாருங்க, விதையத் துப்பச் சொல்லுங்க.

பெறகு வீட்டுல ஒண்ணும் சரியில்ல. ஆடு குட்டி தங்கல. எனக்குத் திடுதிடுன்னு ஒடம்பு ஆடும். குறி சொல்ற கோடாங்கிகிட்டப் போனோம். அவரு உடுக்கடிச்சுப் பாத்துட்டுச் சொன்னாரு, ‘கன்னி கழியாமப் போன புள்ள, வீட்ட விட்டுப் போக மனசு இல்ல. ஒங்க வீட்டுக்குள்ளதான் நிக்கிது. அவளுக்கு ஒரு மூலை குடுங்க’ன்னாரு. எங்க பக்கம் அது வழக்கந்தான். அப்பிடிப் போற புள்ளைக வீட்டுச் சாமியாயிரும். ஓலைப்பொட்டி ஒண்ணு வாங்கி, அதுக்குள்ள பாவாடை சட்டை, ரிப்பனு, சீப்பு, கண்ணாடி வளையலு எல்லாம் வச்சு நடுவீட்டு மூலையில வச்சோம். வருசாவருசம் மாசிச் சிவராத்திரிக்கு பொட்டியத் தொறந்து புதுப் பாவாடை வச்சு, கருவாட்டுக் கொழம்பு வச்சுப் படைப்போம். அன்னிக்கு எம்மேல எறங்குவா.

எறங்குனா எனக்கு ஒண்ணுமே தெரியாது தாயி. எம்பொண்ணு என் வாயால பேசுவா, ஆனா நான் கேக்க முடியாது. அவுகதான், எங்க வீட்டுக்காரருதான், எதுக்க ஒக்காந்து பேசுவாக. தெளிஞ்சதும் நான் தண்ணியக் குடிச்சிட்டு, ‘என்ன சொன்னா, என்ன சொன்னா’ன்னு அவுக கையப் புடிச்சுக்கிட்டுக் கேப்பேன். ‘வெள்ளாடு குட்டி போட்டுருச்சான்னு கேட்டா’ம்பாக. ‘கொழம்புல உப்புக் கொறைச்சலுன்னு சொன்னா’ம்பாக. ஒருவாட்டி, ‘ஆத்தா ஏன் தலைக்கு எண்ணெ வைக்க மாட்டேங்குறான்னு கேட்டா’ன்னாக. அன்னிலருந்து ஒரு நா விடாம எண்ணெ வச்சுக்கிட்டேன். அவுக சொன்னா அவ சொன்ன மாதிரிதான். வருசத்துல அந்த ஒரு நாளுக்காகத்தான் நாங்க ரெண்டு பேரும் சோறு தின்னோம்.

சரி, அம்பலம் வந்த கதைக்கு வாரேன்.

‘மீனா, மனுசன் சொன்னா சர்க்காரு கேக்காது. சாமி சொன்னா எவனும் கை வைக்க மாட்டான். காட்டுக்குள்ள ஒரு சாமி வேணும். புதுசா ஒரு கல்ல ஊண்டி இதான் சாமின்னா அவன் சிரிப்பான். பேரு வெளங்குன சாமியா இருக்கணும், மேல எறங்கிப் பேசுற சாமியா இருக்கணும். நம்ம ஊருல அப்பிடி இருக்குறது ஒம் மகதான். அவ ஆடு மேய்ச்ச காடுதான அது? அவ எடந்தான? அவளக் கொண்டாந்து அங்க வச்சிருவோம்’னாரு.

எனக்கு மயிர்க்கூச்செடுத்துருச்சு. எம்மக ஊரக் காக்கப் போறா! எந்தப் புள்ளைக்கு அந்தக் குடுப்பினை?

எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சுட்டாரு. அவுக அதிகம் பேச மாட்டாக. ‘வேணாம் அம்பலம். வீட்டுப் புள்ளைய வாசப்படி தாண்டி விடக் கூடாதுன்னு கோடாங்கி சொல்லியிருக்காரு. வெளிய போனா திரும்பி வர வழி தெரியாது அவளுக்கு’ன்னாக. அம்பலம் தலையத் தொங்கப் போட்டுட்டாரு. எனக்கு மானம் போச்சு. அவரு பின்னாடியே வந்த ஊரே வாசல்ல நிக்கிது, அம்பலம் வாய் தொறந்து கேக்குறாரு, இவுக வேணாங்குறாக. ‘கோடாங்கி பொதுவாச் சொன்னாரு. எம்மகளப் பத்தி எனக்குத் தெரியாதா? நாந்தான பெத்தேன்’னு சொல்லிட்டு நானே பொட்டியத் தலையில தூக்கிட்டேன். இவுக வாசல மறிச்சு நின்னாக. நான் ஒதுக்கிட்டுப் போனேன். அந்த மனுசனுக்கு ஊரு நாடு நெலவரம் எதுவும் தெரியாது தாயி. ஆட்டையும் வீட்டையும் விட்டா ஒண்ணும் தெரியாது.

கொட்டு முழக்கத்தோட குலவை போட்டுக்கிட்டு வந்தோம். அவ தட்டாங்கல்லு ஆடுன உடைமரத்துக்கு அடியிலயே கல்ல ஊண்டி, மஞ்சத் தண்ணி ஊத்தி, பொட்டிய வச்சோம். மறுநாளே ஜேசிபி வந்துருச்சு. பின்னாடி கார்ல கம்பெனிக்காரக. ஊருச் சனம் பூராம் மரத்தச் சுத்தி நிக்கிது. அந்த மிசினு உறுமிக்கிட்டு வருது, எனக்கு அடிவயித்துல இருந்து ஒரு நடுக்கம் வந்துச்சு. அம்புட்டுத்தான் தெரியும்.

கண்ணு முழிச்சா, ஜேசிபி ஓட்டுன பய என் கால்ல விழுந்து கெடக்கான். மிசின அமத்திட்டான். கம்பெனிக் காரு போயிருச்சு. குலவைச் சத்தம் காதப் பொளக்குது. ‘இது என் எடம், இங்கிட்டுத்தான் இருப்பேன், எவன் தொட்டாலும் அவன் கொலத்தையே அறுத்துருவேன்’னு ஆத்தா சொல்லிருச்சுன்னு அம்பலம் கைய எடுத்துக் கும்புட்டுக்கிட்டுச் சொன்னாரு. ஊரே சொல்லுச்சு.

எங்க வீட்டுக்காரரு மட்டும் வேற மாதிரி சொன்னாக. வீட்டுக்கு வந்து, நான் கேக்காமலே சொன்னாக. ‘அவ அப்பிடிச் சொல்லல. நான் பக்கத்துல நின்னேன். அய்யா, பயமா இருக்கு, வீட்டுக்குப் போவோம்னு சொன்னா. ரெண்டுவாட்டி சொன்னா. அதுக்குள்ள அம்பலம் குலவை போடச் சொல்லிட்டாரு’ன்னாக.

கொட்டு அடிக்கிறாக, மிசினு உறுமுது, அம்புட்டுச் சனம் கத்துது. இதுல இவுக காதுக்கு மட்டும் எப்பிடிக் கேக்கும்? காது மந்தம் தாயி அவுகளுக்கு. நான் அப்பவே சொல்லிட்டேன், ‘நீ வாய மூடிக்கிட்டுக் கெட, ஊரு காதுல விழுந்தாக் காறித் துப்பும்’னு.

அதுக்கப்பெறம் ஒருத்தனும் காட்டுப் பக்கம் வரல. ஆடு பழையபடி மேஞ்சுச்சு. சுத்துப்பட்டு ஊருல இருந்தெல்லாம் எம்மகளக் கும்புட வந்தாக. புள்ளையில்லாதவுக, கடன்காரக, கோர்ட்டுல கேசு நடக்குறவுக. வந்தவுக எங்கிட்டத்தான் துன்னூறு வாங்குவாக. ‘சாமியாத்தா, சாமியாத்தா’ன்னு கெழடு கட்டைகூட கால்ல விழும். திருவிழாவுல அம்பலம் தனக்குக் கட்டுற பரிவட்டத்த எனக்குக் கட்டிவிட்டாரு. எங்க ஊருல பொம்பளைக்குப் பரிவட்டம் கட்டுனது நான் ஒருத்திக்குத்தான். எனக்கு அதுல எல்லாம் ஆசை இல்ல தாயி. குடுத்தாக, வேணாம்னு சொன்னாச் சாமி குத்தமாயிரும்னு வாங்கிக்கிட்டேன்.

பெறகு கம்பெனியில இருந்து ஒருத்தரு வந்தாரு. வெள்ளச் சட்டை, நெத்தியில பட்டை, காலுல செருப்பில்லாம அந்த முள்ளுக்காட்டுல நடந்து வந்தாரு. தட்டுல பழம், பூவு. நெடுஞ்சாண்கிடையா எம்மக முன்னால விழுந்தாரு. ‘அம்மா, தெரியாமப் பண்ணிட்டோம். ஒங்க சாமி எடத்த ஒரு இஞ்சு தொட மாட்டோம். வெயில்லயும் மழையிலயும் கெடக்கே புள்ள, நாங்க கோபுரம் வச்சுக் கோயில் கட்டித் தாரோம்’னாரு. ‘கெடக்கே புள்ள’ன்னு சொன்னாரு பாத்தீகளா, அந்த ஒரு சொல்லுல நான் உருகிப் போயிட்டேன்.

அம்பலம் பேசி முடிச்சாரு. ஊருக்குத் தாரு ரோடு, பயலுகளுக்கு வாட்ச்மேன் வேலை, சாமிக்குக் கோபுரம். ஆடு மேயுறதுக்கு என்ன வழின்னு எங்க வீட்டுக்காரரு கூட்டத்துல கேட்டாரு. நாந்தான் சொன்னேன், ‘எம்மகளுக்குக் கோபுரம் கட்டுறாக, நீ ஆட்டப் பத்திப் பேசுற’ன்னு. கூட்டமே கை தட்டுச்சு. செயிச்சிட்டோம் தாயி! ஊருக்குள்ள வெடி போட்டாக.

கும்பாபிசேகத்துக்கு மதுரையில இருந்து அய்யருமாரு வந்தாக. எனக்குப் பட்டுச்சேலை குடுத்து மேடையில ஒக்கார வச்சாக. சலவைக்கல்லுல புதுசா ஒரு சிலை. மூக்கும் முழியுமா, அழகுன்னா அழகு. எம்மக கறுப்பு. மூக்கு கொஞ்சம் சப்பையா இருக்கும். ஆனாலும் சாமியானா மொகம் மாறத்தான செய்யும்? நாங்க ஊண்டுன கல்லு எங்கன்னு கேட்டேன். அடியில பத்திரமா இருக்குன்னாக. பொட்டி எங்கன்னு கேட்டேன். அதுவும் இருக்குன்னாக. மைக்குல ‘ஸ்ரீ ஐஸ்வர்ய பாலாம்பிகை’ன்னு சொல்றாக. யாரு அதுன்னு பக்கத்துல இருந்த அய்யரக் கேட்டேன். இந்த அம்பாளுக்கு அதான் திருநாமம்னாரு. பஞ்சவர்ணம்னு சொல்லலையேன்னேன். சிரிச்சாரு.

அதுக்கப்பெறம் பிளாட்டு வித்துச்சு பாருங்க, சும்மா கடகடன்னு. கோயில் உள்ள எடம், வாக்குச் சொல்ற அம்மன் இருக்குற எடம்னு சனம் போட்டி போட்டுக்கிட்டு வந்துச்சு. காம்பவுண்டு வந்துச்சு, கேட்டு வந்துச்சு. ஊருல ஆட்ட எல்லாரும் வித்துட்டாக. எங்க ஆட்டையும் இவுக சந்தைக்குப் பத்திட்டுப் போயிட்டு, வெறுங்கயித்தோட திரும்பி வந்தாக. வந்து ரெண்டு நா சாப்புடல.

கேட்டு வந்த பெறகு மொத மாசிச் சிவராத்திரி வந்துச்சு. புதுப் பாவாடை எடுத்துக்கிட்டு, கருவாட்டுக் கொழம்பு வச்சுத் தூக்குச்சட்டியில ஊத்திக்கிட்டுப் போறேன். கேட்டுல மறிச்சுட்டாக. அங்கன குடியிருக்கவுகளுக்கு ஒரு சங்கமாம், அதுக்கு ஒரு செகரட்டரியாம், கண்ணாடி போட்ட ஆளு. தன்மையாத்தான் பேசுனாரு. ‘பாட்டி, கவுச்சியெல்லாம் உள்ள கொண்டுவரக் கூடாது. இது சுத்தமான சன்னிதி’ன்னாரு. ‘ஐயா, அவளுக்கு அதான் புடிக்கும்’னேன். ‘யாருக்கு?’ன்னாரு. ‘எம்மகளுக்கு’ன்னேன். ‘ஒங்க மக எந்த பிளாட்டு?’ன்னு கேக்காரு தாயி!

எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. சட்டியோட கொழம்ப அந்த கேட்டு மேலயே விட்டெறிஞ்சுட்டேன். கருவாட்டு நாத்தம் ஒரு வாரம் போகலையாம். அதுல இருந்து எனக்கு உள்ள போகத் தடை. எங்க ஊருப் பய, எங்க கஞ்சியக் குடிச்ச பய, கம்ப நீட்டிக்கிட்டு ‘போ கெழவி’ங்குறான். அம்பலத்துக்கிட்டச் சொன்னேன். ‘நீ கொழம்ப எறிஞ்சிருக்கக் கூடாது மீனா’ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

ஒரே ஒருவாட்டி உள்ள போனேன். ஆடி மாசம், கூட்டத்தோட கூட்டமா முக்காடு போட்டுக்கிட்டு வரிசையில நின்னு போனேன். தட்டுல தேங்கா பழம் வச்சு நீட்டுனேன். சின்ன வயசு அய்யரு, புதுசா வந்தவரு, நல்ல புள்ள. ‘யாரு பேருக்கும்மா அர்ச்சனை?’ன்னாரு. எனக்கு வாயில வேற பேரு வரல. ‘பஞ்சவர்ணம்’னேன். ‘யாரு, மகளா?’ன்னாரு. ஆமான்னேன். ‘கல்யாணம் ஆயிருச்சா?’ன்னாரு. இல்லன்னேன்.

அவரு அவகிட்டத் திரும்பி மந்திரம் சொல்றாரு தாயி. எம்மககிட்ட, எம்மக பேரச் சொல்லி. பஞ்சவர்ணத்துக்குத் தீர்க்காயுசு குடு, ஆரோக்கியம் குடு, சீக்கிரம் நல்ல எடத்துல கல்யாணம் நடக்கட்டும்னு. தீபத்தக் காட்டுறாரு. அவ வெள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டு என்னையவே பாக்குறா. அய்யரு மஞ்சக் கயிறு ஒண்ணு குடுத்து, ‘மக கையில கட்டி விடுங்கம்மா, வாற தையில முடிஞ்சிரும்’னாரு. நான் என்ன செய்யுவேன்? வாங்கிக்கிட்டேன். இந்தா, முந்தியில முடிஞ்சு வச்சிருக்கேன் பாருங்க. யாரு கையில கட்டுறது?

அங்கனயே விழுந்து கதறிட்டேன். அப்பத்தான் என்னைய அடையாளம் கண்டுபுடிச்சு வெளிய கொண்டாந்து விட்டாக.

சரி, கோயில்ல வேணாம், வீட்டுல கூப்புடுவோம்னு பாத்தேன். போன மாசிக்கு நடுவீட்டு மூலையில புதுப் பொட்டி வச்சு, பாவாடை வச்சு, கொழம்பு வச்சு ஒக்காந்தேன். இவுக எதுக்க ஒக்காந்தாக. ‘பஞ்சு, வா தாயி’ன்னு கூப்புட்டேன். தொண்டை கட்டுற வரைக்கும் கூப்புட்டேன். ஒடம்பு ஆடல. ஒரு மயிரு அசையல. கல்லு மாதிரி இருக்கேன். இவுக அந்தக் கொழம்பு ஆறுற வரைக்கும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாக. அப்பெறம் எந்திரிச்சுப் போயிட்டாக.

அன்னிலருந்து எங்கூட சரியாப் பேசுறதில்ல அந்த மனுசன். சோறு போட்டாத் திங்கிறாக. தெனம் பொழுதடையில அந்த வெறும் மூலைக்கு வெளக்குப் போட்டு, எதுக்க ஒக்காந்து ஆட்டப் பத்திப் பேசுறாக. எந்த ஆடு? வித்த ஆடு! ‘வெறும் மூலைக்கு எதுக்கு எண்ணெயக் கெடுக்குற’ன்னு கேட்டேன். ‘வீடு இருட்டா இருந்தா அடையாளம் தெரியாம போயிரும் புள்ளைக்கு’ங்குறாக. இந்தக் கொடுமைய எங்க போயிச் சொல்ல? ஊருக்காக நான் பெத்த மகளையே குடுத்திருக்கேன், எனக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்ல அந்த மனுசனுக்கு நாக்கு வரல.

அந்தா, வேன் வருது. பதறாதீக, நின்னு ஏத்திக்கிட்டுத்தான் போவான்.

தாயி, ஒண்ணு கேக்கட்டா? இந்த வளையலப் புடிங்க. பச்சைக் கண்ணாடி. சின்ன அளவுதான், அவ கையி சின்னக் கையி. சைட்டு பாக்குறவுகள மொதல்ல கோயிலுக்குத்தான் கூட்டிட்டுப் போவான். போன வாரம் ஒரு சாருகிட்டக் குடுத்து விட்டேன், திரும்பி வரையில வேன் சீட்டுலயே கெடந்துச்சு. நீங்க புள்ளை பெத்தவுக, மறக்க மாட்டீக. ஒங்க குட்டி கையால அந்தப் படியில வைக்கச் சொல்லுங்க. சின்னப் புள்ளைய யாரும் வைய மாட்டாக. அவளுக்கும் சின்னப் புள்ளைகன்னா ஆசை.

வச்சிட்டு, அந்தப் பெரிய பேரச் சொல்லாதீக. அவளுக்கு அது தெரியாது. பஞ்சுன்னு கூப்புடுங்க. சத்தமா வேணாம், அய்யரு காதுல விழுக வேணாம். ‘பஞ்சு, ஒங்க ஆத்தா வெளிய மரத்தடியில நிக்கிறா, வா, வீட்டுக்குப் போவோம்’னு மட்டும் சொல்லுங்க. கேட்டுல நாய் ஒண்ணு கெடக்கு, அதுக்குப் பயப்படுவா. பயப்படாதன்னு சொல்லுங்க.

சரி, ஏறுங்க, பாத்து. புள்ள தலை இடிக்கப் போகுது. நான் இங்கனயேதான் இருப்பேன், எங்கிட்டும் போக மாட்டேன்.

தாயி! தாயி, இன்னொண்ணு. திரும்பி வரையில பக்கத்துல செத்த எடம் விட்டு ஒக்காந்து வாங்க. ஒல்லிப் புள்ளதான். அம்புட்டு எடம் வேணாம் அவளுக்கு.